மாத்தூரின் பட்டறைகள்

புதுக்கோட்டைச் சீமையை வானம் பார்த்த பூமி என்பர். சமஸ்தானமாயிருந்து 1948-இல் இந்தியாவுடன் இணைந்த இந்நிலம் 1974-இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்குள் அண்டையிலிருந்த திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை எழுந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆலைக்கு உதிரிப் பாகங்கள் செய்துதரும் பட்டறைகள் பின்னர் மாவட்டத்தின் வடவெல்லையான மாத்தூரிலும் பெருகின.

ஏரித்தண்ணீரை நம்பியிருந்த குடும்பத்துப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர் பயிற்சி பெற்றது இக்காலத்தில்தான். 1975-இல் பெல் நிறுவனம் திருச்சியில் வெல்டிங் ஆய்வு நிலையமொன்றையும் தொடங்கியது. உயரழுத்தக் குழாயில் இட்ட பற்றை எக்ஸ்ரே எடுத்துச் சோதிப்பார்கள். நுண்துளை தெரிந்தாலும் தேர்ச்சி கடினம். இத்தேர்வில் வென்ற கைக்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மதிப்புண்டு.

2010-களில் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் சுருங்கின. ஒரே வாடிக்கையாளரை நம்பிய மாத்தூர்ப் பட்டறைகள் பல நொடித்தன. வெல்டர் விமானம் ஏறலாம். கடன்பட்டுப் பட்டறை வைத்தவர் எங்கே போவார்? அவரிடம் கூலிக்கிருந்த உதவியாளுக்குச் சான்றிதழும் இல்லை. தொழிற்கல்வி ஆளை ஊர்விட்டு ஊர் அனுப்பக் கற்றுக்கொண்டது. ஊருக்கு இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடித்தரும் கல்வியை நாம் இன்னும் தொடங்கவில்லை என்றே தோன்றுகிறது.