அய்யன்காளி

அய்யன்காளி (1863–1941) திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்டோரின் கல்விக்காகவும் விவசாயத் தொழிலாளர் உரிமைக்காகவும் போராடிய சமூகச் சீர்திருத்தத் தலைவர். திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தார். எழுத்தறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

1893இல் ஒடுக்கப்பட்டோருக்கு இருந்த தடையை மீறிப் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். 1907இல் ஒடுக்கப்பட்டோரின் உரிமைகளுக்காகச் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார்.

பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க அரசு ஆணையிட்ட பிறகும் ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துச் சென்றபோது கலவரம் மூண்டது. பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது.

பள்ளி அனுமதி மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கல்வியுரிமையோடு முறையான கூலியும் ஓய்வும் கோரினர். வயல்கள் தரிசாகக் கிடந்தன. பட்டினியில் வாடிய குடும்பங்களுக்கு மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை தந்து துணைநின்றனர். இறுதியில் நிலவுடைமையாளர்கள் இறங்கிவந்தனர். கூலி உயர்வுக்கு மட்டுமன்றிக் குழந்தைகளின் படிப்புக்காகவும் உழைப்பாளர்கள் வேலையை நிறுத்திய இப்போராட்டம் இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தனிச்சிறப்புடையது.

திருவிதாங்கூரின் மக்கள் பிரதிநிதிகள் அவையான ஸ்ரீமூலம் பிரஜா சபையின் நியமன உறுப்பினராகவும் அய்யன்காளி பணியாற்றினார். அங்கே நிலம், கல்வி, அரசு வேலை ஆகியவற்றைத் தம் மக்களுக்காகத் தொடர்ந்து கோரினார். திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவருக்குச் சிலை உள்ளது.