நியூஸ்பாய் தொப்பி

நியூஸ்பாய் தொப்பி என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிரித்தானியா, அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் உழைக்கும் மக்கள் பரவலாக அணிந்த துணித் தொப்பி ஆகும். தெருவில் செய்தித்தாள் விற்ற சிறுவர்களை ஒட்டி இப்பெயர் வந்தது.

அமைப்பு

எட்டுத் துணித் துண்டுகள் உச்சியில் ஒன்றுசேரும். அந்த இணைப்பை ஒரு பொத்தான் மூடும். முன்புறம் சிறு விளிம்பு இருக்கும். தட்டைத் தொப்பி தலையோடு படிந்திருக்கும். இது உப்பலாக நிற்கும். பழைய பாணித் தொப்பியைத் தேர்ந்தெடுப்போர் இவ்வேறுபாட்டையே முதலில் பார்க்க வேண்டும். குளிருக்குக் கம்பளியும் கோடைக்குப் பருத்தியும் ஏற்றவை.

வரலாறு

கம்பளித் தொழிலைக் காக்க, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலும் கம்பளித் தொப்பி அணிய வேண்டும் என்று இங்கிலாந்து நாடாளுமன்றம் 1571இல் சட்டம் இயற்றியது. உயர்குடியினருக்கு விலக்கு இருந்தது. 1597இல் சட்டம் நீக்கப்பட்டது. எனினும் துணித் தொப்பி எளியோரின் அடையாளமாக நிலைத்தது.

நியூயார்க் சிறுவர்கள் செய்தித்தாள்களைத் தம் பணத்தில் வாங்கி விற்றனர். விற்காத பிரதிகளின் இழப்பு அவர்களையே சேர்ந்தது. 1898 போரின்போது 100 பிரதிகளின் விலை 50 சென்ட்டிலிருந்து 60 சென்ட்டாக உயர்ந்தது. போர் முடிந்த பின்னும் புலிட்சர், ஹெர்ஸ்ட் ஆகியோரின் நாளிதழ்கள் அதைக் குறைக்கவில்லை. ஆகவே 1899 சூலையில் சிறுவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டு வாரம் நீடித்த போராட்டத்தால் விலை குறையவில்லை. ஆனால் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற நிறுவனங்கள் இசைந்தன.

1908 முதல் லூயிஸ் ஹைன் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். அப்படங்களில் செய்தித்தாள் கட்டோடு நிற்கும் சிறுவர் பலரின் தலையிலும் துணித் தொப்பியைக் காணலாம். குழந்தைத் தொழிலுக்கு எதிரான பரப்புரைக்கு அவை சான்றாயின.