இரண்டாவது வழி திறந்திருக்கிறதா?



பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்லத் தில்லியிலும் மும்பையிலும் ரயில் முன்பதிவுச் சாளரத்தின்முன் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சாளரத்துக்கு அப்பாலுள்ள கணினி நின்றால் வரிசை முழுவதும் நின்றுவிடும். அவ்விதம் நேராதிருக்க மனிதர் கண்ட உபாயங்களின் வரலாறு சுவையானது.

1958ஆம் ஆண்டு அமெரிக்க வான்காவலுக்கென இயங்கத் தொடங்கிய ‘சேஜ்’ அமைப்பில், நிலையம் ஒவ்வொன்றிலும் இரண்டு பெருங்கணினிகள் வைக்கப்பட்டன. ஒன்று பணியில் இருக்க, மற்றொன்று ஆயத்தமாகக் காத்திருந்தது. 1974இல் தோன்றிய டான்டெம் நிறுவனம் 1976இல் வெளியிட்ட கணினி இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அதில் தகவல் வட்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வொன்றும் இரண்டு செயலிகளோடு இணைக்கப்பட்டது. ஒரு வழி அடைபட்டாலும் மற்றொரு வழியே தகவலை அடையலாம்.

1983இல் டிஜிட்டல் நிறுவனம் ‘வாக்ஸ் கிளஸ்டர்’ என்னும் கூட்டமைப்பை அறிமுகம் செய்தது. பல கணினிகள் ஒரே வட்டுகளைப் பகிர்ந்துகொள்ளவும், அவற்றை இணைக்கும் கேபிள் பாதைகள் இரட்டையாக அமையவும் அது வகை செய்தது. 1980களின் நடுவில் புதுதில்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கிய நமது ரயில்வே, பிற்காலத்தில் இத்தகைய கூட்டமைப்புகளையே நம்பியது. 1999இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

ஆயினும், இரண்டு வழி அமைத்தமையாலேயே இரண்டு வழி உண்டென்று கொள்ளலாகாது. ஒரு கணினியின் மின்சாரம் நின்றால் அது முற்றிலும் அடங்கிவிடும். அடுத்தது அதன் பணியை ஏற்கும். வட்டுக்குச் செல்லும் கேபிள்கள் மாத்திரம் அறுந்தால் நிலைமை வேறு. அக்கணினி தோழர்களுக்கு “நலமே” என்று விடை கூறிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு எழுத்தும் எழுத இயலாது. மற்றவை அதை விலக்கிவைக்காமலே பணியை ஏற்றால், இணைப்பு மீண்டதும் இரு கணினிகள் ஒரே வட்டில் எழுதத் தலைப்படும். அப்போது ஒரே படுக்கை இருவருக்கு வழங்கப்பட்டுவிடக்கூடும்.

ஆகவே பரிசோதனை படிப்படியாக நிகழவேண்டும். வேலை நடக்கும்போதே முதலில் ஒரு கேபிளைக் கழற்றுவர், பின்னர் இரண்டையும் கழற்றுவர், மீண்டும் பொருத்துவர். பணி கைமாற எத்தனை விநாடி ஆயிற்று, எழுதிய தகவல் பழுதின்றி இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பர்.

1985இல் டான்டெம் அறிஞர் ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்று ஆராய்ந்தார். கருவிப் பழுதைக் காட்டிலும் நிர்வாகத்தால் விளைந்த நிறுத்தங்களே அதிகம் எனக் கண்டார். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாகத் தகவலை அழித்துவிட்டார். ஐந்து காப்பு முறைகளுள் ஒன்றேனும் உரியவாறு கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னர் வேறொரு காரியத்துக்காக எடுத்திருந்த ஒரு பிரதியே காப்பாற்றியது.

மழை தொடங்குமுன் ஏரியின் மதகைத் திறந்து பார்ப்பார்கள் நம் கிராமத்தார். வெள்ளம் வந்தபின் அது துருப்பிடித்திருப்பதை அறிந்து பயனில்லை. கணினிக் காவலர்க்கும் அந்த வழக்கமே தகும்.