கண்வழிக் குவியக் கட்டுப்பாடு

கண்வழிக் குவியக் கட்டுப்பாடு என்பது, ஒளிப்படம் எடுப்பவர் காட்சிச் சாளரத்தினுள் எந்த இடத்தை நோக்குகிறாரோ, அந்த இடத்தில் ஒளிப்படக்கருவி தானாகவே குவியத்தை அமைத்துக்கொள்ளும் நுட்பம் ஆகும். சப்பானின் கேனான் நிறுவனம் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈஓஎஸ் 5 என்னும் படச்சுருள் கருவியில் இது இடம்பெற்றது. 2004 ஆம் ஆண்டுக்குப் பின் புதிய கருவிகள் எதிலும் காணப்படாமல் இருந்து, 2021 இல் ஈஓஎஸ் ஆர்3 என்னும் எண்ணிமக் கருவியில் மீண்டும் வந்தது.

படம் எடுக்கப்படுபவரின் கண்ணைக் கண்டறிந்து அதில் குவியம் செய்யும் வசதி வேறு, இது வேறு. முன்னதில் கருவி தனக்கு முன்னால் நிற்பவரின் கண்ணைத் தேடுகிறது. இதில் தனக்குப் பின்னால் நிற்பவரின் கண்ணைப் படிக்கிறது. பெயர்கள் ஒத்திருப்பதால் இரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

தேவை

தொடக்ககாலத் தன்னியக்கக் குவியக் கருவிகள் பலவற்றில் சட்டத்தின் நடுவே ஒரேயொரு குவியப் புள்ளி இருந்தது. ஓரத்தில் நிற்பவரைப் படமெடுக்க, முதலில் அவரை நடுவில் வைத்துக் குவியம் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கருவியைத் திருப்ப வேண்டும். புள்ளிகள் பலவானபோது, அவற்றுள் எதைப் பயன்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது. கருவியிடம் விட்டுவிட்டால் அது பெரும்பாலும் அண்மையில் உள்ள பொருளையே தேர்ந்தெடுத்தது. சக்கரத்தைச் சுழற்றித் தேர்வதற்கு நேரம் பிடித்தது. படமெடுப்பவர் எப்படியும் தனக்கு வேண்டிய பொருளைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்பதே இந்நுட்பத்தின் அடிப்படை எண்ணம்.

செயற்படும் முறை

காட்சிச் சாளரத்தின் அருகில் உள்ள சிறு ஒளியுமிழ் இருமுனையங்கள் கண்ணின் மீது மெல்லிய அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. இவ்வொளி பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. விழிவெண்படலத்தின் மேல் அது சிறு ஒளிப்புள்ளியாகத் தெறிக்கிறது. ஓர் உணரி அத்தெறிப்பையும் கண்மணியின் நடுவையும் பதிவு செய்கிறது. கண் திரும்பும்போது இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு மாறுவதால், அதிலிருந்து பார்வையின் திசை கணிக்கப்படுகிறது.

விழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே பயன்படுத்துபவர், சாளரத்தில் ஒளிரும் புள்ளிகளை வரிசையாகப் பார்த்துக் கருவியை முதலில் தனக்கென அளவுதிருத்தம் செய்துகொள்ள வேண்டும். வெயிலில் கண்மணி சுருங்கும், இருளில் விரியும் என்பதால், வெவ்வேறு ஒளிநிலைகளில் பலமுறை இதைச் செய்வது துல்லியத்தைக் கூட்டும். இதை ஒருமுறையோடு நிறுத்திவிட்டு வசதியைக் குறை கூறியவர்களும் உண்டு.

வரலாறு

ஈஓஎஸ் 5 இல் கிடையாக ஐந்து புள்ளிகள் இருந்தன. கருவியை நெடுக்காகப் பிடித்தால் கண்வழிக் கட்டுப்பாடு இயங்காது. உருவப்படம் எடுப்போருக்கு இது பெருங்குறை. சாளரத்தின் இடது மேல் மூலையைப் பார்த்தால் வில்லையின் துளை சுருங்கி, படத்தின் புல ஆழத்தைக் காட்டும் விந்தையான ஏற்பாடும் அதில் இருந்தது. 1995 இல் மூன்று புள்ளிகளுடன் ஈஓஎஸ் 50இ வந்தது. 1998 இன் ஈஓஎஸ் 3 இல் புள்ளிகள் 45 ஆயின. நெடுக்காகப் பிடித்தாலும் இயங்கியது. புள்ளிகள் நெருக்கமாக அமைந்ததால் கருவி பக்கத்துப் புள்ளியைத் தேர்ந்துவிடும் வாய்ப்பும் கூடியது. தேர்வை 11 புள்ளிகளாகக் குறைத்துக்கொள்ளும் அமைப்பும் அதில் தரப்பட்டிருந்தது. ஆனால் தொழில்முறையாளருக்கென 2000 இல் வெளியான ஈஓஎஸ் 1வி கருவியில் 45 புள்ளிகள் இருந்தும் கண்வழிக் கட்டுப்பாடு சேர்க்கப்படவில்லை. 2004 இல் வெளிவந்த ஈஓஎஸ் 30வி இவ்வரிசையின் கடைசிப் படச்சுருள் கருவியாகும். அதே ஆண்டின் எண்ணிமக் கருவியான ஈஓஎஸ் 20டி இல், கட்டைவிரலால் புள்ளியை நகர்த்தும் சிறு நெம்புகோல் இருந்தது.

பயனும் குறைகளும்

கண் ஒரே இடத்தில் நிலைப்பதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் மாறுகிறது. எடுத்துக்காட்டாக, சென்னையில் அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில், அலையைக் கடந்து வரும் மீன்பிடிப் படகு ஒன்றைப் படமெடுப்பவரைக் கருதலாம். அவர் படகோட்டியின் முகத்தைப் பார்க்கிறார். அடுத்த கணம், பின்னால் எழும் அலையையும் தொடுவானம் சாய்ந்துள்ளதா என்பதையும் சட்டத்தின் ஓரத்தில் நுழையும் கடற்காகத்தையும் பார்க்கிறார். இப்பார்வைகளுள் முதலாவது மட்டுமே தேர்வு, மற்றவை மேற்பார்வை. கருவிக்கு இவ்வேறுபாடு தெரியாது. கண்ணால் இயக்கப்படும் கணினிகளிலும் இச்சிக்கல் உண்டு. தொட்டதெல்லாம் பொன்னான கிரேக்கத் தொன்மக்கதை மன்னனின் பெயரால் அது மைடாசுத் தொடுகை எனப்படுகிறது.

காலை வேளையில் கிழக்கு நோக்கிய அக்கரையில் வேறு இடர்களும் உள்ளன. சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு. அது சாளரத்தின் வழியே புகுந்தால் உணரி குழம்பலாம். மூக்குக்கண்ணாடி கூடுதல் தெறிப்புகளை உண்டாக்குகிறது. வன்மையான தொடுவில்லை அணிந்தவர்களுக்கும் பிழைகள் நேர்வதுண்டு.

பழைய கருவிகளைவிட ஆர்3 இல் இவ்வசதி பயனுள்ளதாக இருப்பதற்குக் காரணம், கண்ணிடம் அது குறைவாகவே கேட்பதுதான். பார்வை விழும் இடத்தைச் சாளரத்தில் ஒரு வட்டம் காட்டுகிறது. பொத்தானைப் பாதி அழுத்தும் கணத்தில் மட்டும் அத்தேர்வு ஏற்கப்படுகிறது. தொடர்குவிய முறையில், அதன்பின் கருவியே அப்பொருளை இனங்கண்டு பின்தொடர்வதால் கண் விருப்பம்போல் அலையலாம். விளையாட்டரங்கில் ஒரே உடையணிந்த பலருள் ஒருவரைத் தேர்வது இதனால் எளிதாகிறது. அசையாத நிலக்காட்சிக்கோ, முக்காலியில் பொருத்தி எடுக்கும் படத்துக்கோ இதனால் ஆதாயம் சிறிதே. பின்திரையைப் பார்த்துப் படமெடுப்போருக்கு இது அறவே பயன்படாது.

2024 இல் வெளியிடப்பட்ட ஈஓஎஸ் ஆர்1, ஈஓஎஸ் ஆர்5 மார்க் 2 ஆகிய கருவிகளிலும் இவ்வசதி உள்ளது. வேண்டாதபோது இதனை நிறுத்திவைக்கலாம்.