வெண்குருதியும் தமிழ்ச் சொல்லும்: யாழ்ப்பாணத்தில் ஒரு நோயின் வரலாறு

குருதியில் வெண்கலங்கள் அளவிறந்து பெருகும் நோய்க்கு, வெண்மையையும் குருதியையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து லியூகேமியா என்று ஜேர்மனியில் ருடோல்ஃப் விர்ஹோ பெயரிட்ட 1847 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும், அந்நோயின் நாட்பட்ட மயலோயிட் வகையுடன், அதாவது என்பு மச்சையில் தோன்றி மெல்ல வளரும் வகையுடன், யாழ்ப்பாணத்தவர் வாழப் பழகிய வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டையும் சேர்த்தே காணவேண்டியிருக்கிறது. ஏனெனில், ஆண்டுக்கணக்காக நாள்தோறும் குளிசை உட்கொண்டு அடக்கிவைக்கவேண்டிய நோயைத் தன் மொழியில் விளங்கிக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அமைகிறது.

இந்நோயின் பழைய அடையாளம் இடப்பக்க விலாவின் கீழ் கனத்து இறங்கும் மண்ணீரல் ஆகும். மலேரியாக் காய்ச்சலும் மண்ணீரலை வீங்கச் செய்வதால், அக்காய்ச்சல் வேரூன்றியிருந்த வன்னியை அடுத்துள்ள குடாநாட்டில், நுண்ணோக்கி இல்லாத காலத்து மருத்துவர் எவரும் தொட்டுப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்தியிருக்க முடியாது. சோகையும் மெலிவும் வயிற்றுக் கனதியும் கண்டு இறந்தவர்களுள் எத்தனை பேர் இந்நோயால் இறந்தனர் என்பது எந்த ஏட்டிலும் பதியப்படாமலே போயிற்று.

கிறீன் மானிப்பாயில் தங்கி மருத்துவம் செய்ததோடு, 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’, உடலமைப்புக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’, உடலின் தொழிற்பாட்டுக்கு ‘மனுஷ சுகரணம்’ என அவரும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய நூல்கள் தமிழின் முதல் நவீன மருத்துவப் பாடநூல்களுள் அடங்கும். உள்ள சொல்லை ஆள்வதும், இல்லாதவிடத்து இரசாயனவியலுக்கு ‘கெமிஸ்தம்’ என்பதுபோல அயற்சொல்லைத் தமிழோசைக்கு இசைவிப்பதும் அவர்களின் நெறியாக இருந்தன. கிறீன் 1873 இல் நாடு திரும்பிய பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. 1870 இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பாடசாலையும் 1978 இல் உருவான யாழ்ப்பாண மருத்துவ பீடமும் ஆங்கிலத்தையே போதனா மொழியாகக் கொண்டன. மருத்துவர் ஒரு மொழியில் கற்க நோயாளி இன்னொரு மொழியில் நோவைச் சொல்லும் இந்நிலை பெரும் இழப்பே ஆகும்.

ஆனால் சொல்லாக்கம் பள்ளிக்கூடத்தில் உயிர்பிழைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிவியற் பாடங்கள் தாய்மொழிக்கு மாறியபோது கலம், என்பு மச்சை, நிறமூர்த்தம், நொதியம் ஆகிய சொற்கள் ஈழத்து மாணவருக்கு இயல்பாயின. இந்நோயை விளக்க இவை போதும். 1960 இல் பிலடெல்பியாவில் பீற்றர் நவலும் டேவிட் ஹங்கர்போட்டும் நோயாளரின் கலங்களில் இயல்புக்கு மாறாகக் குறுகிய ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டனர். 1973 இல் ஜனற் ரௌலி, 9 ஆம் நிறமூர்த்தமும் 22 ஆம் நிறமூர்த்தமும் தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதால் அக்குறுக்கம் நேர்வதைக் காட்டினார். முறிந்த இடத்தில் ஒட்டிப் பிறக்கும் புதிய பரம்பரையலகு, ஓய்வின்றித் தொழிற்படும் ஒரு நொதியத்தை ஆக்குகிறது. அதன் தூண்டுதலாலேயே வெண்கலங்கள் பெருகுகின்றன. இம்மாற்றம் பிறந்த பின்னர் மச்சையின் ஒரு கலத்தில் நேர்வதாகையால் பெற்றோரிடமிருந்து வருவதுமில்லை, பிள்ளைகளுக்குச் செல்வதுமில்லை. திருமணப் பேச்சில் குடும்ப நோய்களைத் துருவி விசாரிக்கும் சமூகத்தில் இவ்வொரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும்.

அந்நொதியத்தின் குழிவில் பொருந்தி அதன் தொழிலை அடைக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து 2001 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்னர் நோயறிந்து நான்கைந்து ஆண்டுகளுக்குள் பலரும் இறந்த நிலை மாறி, ஒழுங்காகக் குளிசை எடுப்போர் பிறரைப் போன்ற ஆயுளை எதிர்பார்க்கும் நிலை உருவாயிற்று. குடாநாட்டுக்கோ வேறொரு தடை இருந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கொழும்பை அடுத்த மஹரகமவுக்குச் செல்லவேண்டிய காலத்தில், குடாநாட்டைத் தெற்குடன் இணைத்து 2002 இல் திறந்த ஏ9 வீதி போரினால் 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டதால், 2009 வரை கப்பலும் விமானமுமே வழியாயின. நாள் தவறக்கூடாத மருந்துக்கு இதனினும் கொடிய இடர் வேறில்லை. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து திரட்டப்பட்ட நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 1990 இல் அப்போரினால் ஊர் பெயர்ந்தோடிய வலிகாமம் வடக்கில் அது அமைந்தமை தனியாகக் குறிக்கத்தக்கது.

இன்று இந்நோயாளர் பலருக்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் இருப்பதில்லை. இமைகள் வீங்குவதும் கெண்டைக்கால் தசை பிடித்திழுப்பதும் நோயினால் அல்லாமல் குளிசையினாலேயே நேரக்கூடும். மருத்துவரிடம் சொன்னால் அவற்றைத் தணிக்க வழியுண்டு. பிள்ளைப்பேற்றை எண்ணும் பெண்கள் கருத்தரிக்கும் முன்னரே அதனைத் தெரிவித்தல் வேண்டும். குருதியில் எஞ்சியுள்ள நோயின் அளவைக் காட்டும் மூலக்கூற்றுப் பரிசோதனையில் நெடுங்காலம் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தோர் சிலர், மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு. சுகமாகிவிட்டது என்று தாமாகவே நிறுத்துவோரிடத்திலோ, எஞ்சிய நோய்க்கலங்கள் உடல் உணர்த்துமுன்னரே மச்சையில் மீண்டும் பெருகத் தொடங்கிவிடுகின்றன.