நாகப்பட்டினம் துறைமுகமும் மலாயாக் குடிபெயர்வும்

நாகப்பட்டினம் தமிழ்நாட்டின் சோழமண்டலக் கடற்கரையில் அமைந்துள்ள பழமையான துறைமுக நகரம் ஆகும். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களிற் பெரும்பாலானோர் இங்கிருந்தோ சென்னையிலிருந்தோ கப்பல் ஏறினர்.

பின்னணி

நாகப்பட்டினத்துக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இடையிலான தொடர்பு சோழர் காலத்தது. சிறீவிசய மன்னர் முதலாம் இராசராசன் காலத்தில் இங்கு எழுப்பிய சூடாமணி விகாரம் இதற்குச் சான்று. ஒல்லாந்தர் 1658-இல் நகரைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது, இக்கரையிலிருந்து பல ஆயிரம் மக்கள் இலங்கை, மலாக்கா, பத்தாவியா ஆகிய ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். பிற்காலக் குடிபெயர்வைப் பற்றிய நூல்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. 1781-இல் நகர் ஆங்கிலேயர் வசமானது.

1786-இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் நாகூர், நாகப்பட்டினம் முசுலிம் வணிகரும் மாலுமிகளும் அங்குக் குடியேறினர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காவின் பெயரில் நினைவிடங்கள் எழுந்தது இதனாலேயே.

சஞ்சிக்கூலி முறை

பினாங்கை அடுத்த வெல்லசுலி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். மலாயாத் தமிழர் இவர்களைச் சஞ்சிக்கூலிகள் என்றனர்; 'சஞ்சி' என்பது உடன்பாட்டைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் திரிபு. முன்பணமும் பயணச்செலவும் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டன. 1861-இல் நாகப்பட்டினம் - தஞ்சாவூர் தொடருந்துப் பாதை திறக்கப்பட்டு மறு ஆண்டில் திருச்சிராப்பள்ளியை எட்டியதும் உள்நாட்டு மக்கள் துறைமுகத்தை அடைவது எளிதாயிற்று. 1876-78 பெரும்பஞ்சம் மேலும் பலரை வெளியேற்றியது. பண்ணையாள் முறையில் கட்டுண்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கடல் கடப்பது ஒரு விடுதலையாகவும் தோன்றியது. ஆள் குறைந்ததால் தஞ்சை மிராசுதார்கள் இதனை எதிர்த்தனர். ஆயினும் அங்கும் அவர்களுக்குக் கடனும் காய்ச்சலுமே காத்திருந்தன.

கங்காணி முறை

ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபின் கங்காணி முறை மேலோங்கியது. தோட்டத்து முதிய தொழிலாளி ஒருவர் சொந்த ஊருக்கு வந்து உறவினரையும் ஊராரையும் அழைத்துச் செல்வார். வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைப்பணம் கிடைக்கும். எனவே ஆளை விடுவிப்பதில் அவருக்கு விருப்பமிருக்காது.

1907-இல் தோட்டமுதலாளிகளிடம் வரி பெற்றுத் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டு, இலவசப் பயணம் வழங்கப்பட்டது. சஞ்சிக்கூலி சேர்ப்பு 1910-இல் நின்றது. நாகப்பட்டினத்தில் இருந்த டிப்போவில் புறப்படுவோர் தங்கவைக்கப்பட்டு மருத்துவச் சோதனை செய்யப்பட்டனர். கப்பல்கள் கரைக்கு வர இயலாமையால் படகுகளிலேயே சென்று ஏறவேண்டும். பினாங்கை அடைந்தவர்கள் செரசாக் தீவில் தொற்றுத்தடைக் காவலில் வைக்கப்படுவதும் உண்டு.

முடிவு

1930-களின் பொருளாதார மந்தத்தில் பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலிக் குறைப்பைத் தொடர்ந்து 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. அங்கேயே தங்கியவர்களிற் பலர் சப்பானியர் ஆட்சியில் சயாம் - பர்மா தொடருந்துப் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர்.

பயணிகள் கப்பல் மட்டும் தொடர்ந்தது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன்பின் வந்த எம். வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு இச்சேவை முடிவுற்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து மீண்டும் பயணிகள் கப்பல் புறப்பட்டது. ஆனால் அது இலங்கையின் காங்கேசன்துறைக்கானது.