உல்லாச வண்டியும் சயாம் பாதையும்

புகைவண்டிப் பயணத்தைச் செல்வர்க்குரிய உல்லாசமாக ஆக்கியவர் பெல்ஜியம் நாட்டு ஜார்ஜ் நாகல்மாக்கர்ஸ். 1883ஆம் ஆண்டில் பாரிஸ் நகரினின்றும் கான்ஸ்டாண்டிநோபிள் நோக்கிப் புறப்பட்ட அவருடைய ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ வண்டியில் படுக்கையறைகளும் உணவுக்கூடமும் இருந்தன. வெளியே பனி பெய்ய, உள்ளே விருந்துண்டபடி பழம்பெரும் நகரங்களைக் காணும் வழக்கம் ஐரோப்பாவில் பரவியது. அவ்வழக்கம் 1993ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கும் வந்தது. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து பாங்காக் வரை ‘ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ்’ ஓடத் தொடங்கியது. வழியில் அது சயாமின் காஞ்சனபுரியில் நிற்கும். பயணிகள் இறங்கிக் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்ப்பர். அவர்கள் காணும் வரலாற்றில் தமிழர்க்கு உள்ள பங்கு யாது?

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலினின்றும் புறப்படும் காவடிகள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை அடைவதை யாவரும் அறிவர். 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் இருப்புப்பாதை அந்த டேங்க் ரோட்டில்தான் தொடங்கிற்று. 1923இல் ஜொகூர் பாலத்தின்மீது வண்டிகள் ஓடலாயின. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது. அதன் முகப்பில் உழவு, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. மலாயாவில் காடு வெட்டித் தண்டவாளம் இட்டவர்களுள் தென்னாட்டுத் தமிழர் பெருந்தொகையினர்; நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர்.

இரண்டாம் உலகப் போரில், பர்மாவிலிருந்த படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானியருக்கு இடர்மிக்கதாயிற்று. எனவே சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை 1942-43இல் அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்த தமிழர்களை, சில மாத வேலை, நல்ல கூலி என ஆசை காட்டியும், பின்னர் வலிந்து பிடித்தும், சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுசென்றனர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களை மாய்த்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கு மேற்பட்டோரும், தமிழர், பர்மியர், மலாய்க்காரர், சாவகர் முதலிய ஆசியத் தொழிலாளருள் ஏறத்தாழ 90,000 பேரும் மாண்டனர் என மதிப்பிடுவர்.

போர்க்கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். அவர்கள் இறந்தோர் பெயரைக் குறித்து வைத்தனர். ஆதலால் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல் உண்டு. தோட்டத் தமிழருக்குப் பெயர் குறித்து வைப்பார் இல்லை. பெயர் பொறித்த கல்லும் இல்லை. 1957இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படமும் கைதிகளின் கதையையே சொல்லிற்று.

தஞ்சோங் பகார் நிலையம் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளுடன் பணியை முடித்துக்கொண்டது. 2020இல் நின்ற உல்லாச வண்டி, 2024 முதல் உட்லண்ட்சிலிருந்து புறப்பட்டு மலேசியாவை மட்டும் சுற்றி வருகிறது. ஒரே தண்டவாளத்தில் சரக்குப் பெட்டியில் அடைபட்டுச் சென்றவர்களின் வரலாறு, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய தமிழ் நாவல்களில் வாழ்கிறது. கல்லில் பெயர் இல்லாதவர்க்கு நூலே நடுகல். அதனை மாணவர் கையில் சேர்ப்பது தமிழாசிரியர் கடன்.